பருக்கை மட்டும் மிஞ்சிய குவியல்

வேங்கிக்காலில் பலராமன் கட்டிய வீட்டுக்குப் பூச்சு வேலை பாதியில் நின்றது. செய்யாத்து மணல் ஒரு லாரி வாசலில் இறங்கிய கையோடு ஆடிக்காற்று கிளம்பிவிட்டதால், காற்று தணியட்டும் என்று வேலையை நிறுத்தியிருந்தார்கள். சில நாள் கழித்து ஒரு காலையில் கிழவர் பலராமன் குவியலைப் பார்த்தார். மேலெல்லாம் சோளம் சோளமாய்ப் பருக்கைக் கல். இறங்கியபோது ரவை மாதிரி இருந்த பொடி மணல் எங்கே?

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி ஷோயப் சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

"யோவ் மேஸ்திரி! பொடி மணலை எந்த வீட்டுக்கு ஓட்டின?"

"என்னா பெரியவரே, காலங்காத்தால?"

"நல்லதைச் சலிச்சு எடுத்துக்கினு கல்லை என் தலையில கட்டிட்ட. நான் படிக்காதவன்தான்யா, கண்ணு அவிஞ்சு போவல!"

"சலிக்கணும்னா ஆளு வேணும், சல்லடை வேணும். வாசல்ல நீங்க கட்டில் போட்டுப் படுத்திருக்கறப்போவா?"

"அதான் ஆத்திரமா வருது. என் மூக்குக்கு முன்னாடியே பண்ணியிருக்கிற!"

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு சரோஜா தட்டி வேலியை எடுத்துவிட்டு மதில் கட்ட ஷோயபிடம்தான் பேசி வைத்திருந்தாள். "இப்படிப் பேச்சு வந்தப்புறம் எப்படிப்பா? நான் வேற ஆளு பாத்துக்கறேன்" என்றாள். ஷோயப் முகம் செத்துப்போனது. கரணையையும் மட்டப்பலகையையும் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டான்.

மிச்சத்தை எடுக்கக் கூட்டாளி எவனாவது வருவான் என்று பலராமன் தடியோடு காவல் உட்கார்ந்தார். எவனும் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் காற்றுதான் வந்தது. குவியலின் மேல் புகை மாதிரி ஒன்று எழும்பியது. பொடி பறந்தது. அதைவிடக் கொஞ்சம் பெரிசு தத்தித் தத்திப் போய் இன்னொன்றை இடித்துத் தள்ளியது. பருக்கை மட்டும் நகரவில்லை. பறந்த பொடி சாலையைத் தாண்டி, சரோஜாவின் வேலி அடியில் வரப்பு கட்டின மாதிரி கிடந்தது. கிழவர் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். உள்ளே மணல் இறங்கியபடியே, பொடியும் பருக்கையும் கலந்து இருந்தது. ஆற்று வெள்ளம் பெரிசு சின்னது பாராமல் கொண்டுவந்து கொட்டியது. காற்றுக்கு அவ்வளவு தெம்பு ஏது? தூக்க முடிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது.

வெட்கமா பட்டார்? கோபம்தான் ஏறியது. இதை அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! அவனைச் சொல்ல விடாமல் கத்தியது யார் என்ற கேள்வி அவர் பக்கமே வரவில்லை.

"ஏம்மா சரோஜா! மேஸ்திரியைத் திருடன்னு எவன் சொன்னது?"

"நீங்கதான் மாமா சொன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன், நீ ஏம்மா நம்பற? உன் வேலியைப் பாரு. காத்து அள்ளிக்கினு வந்து கொட்டியிருக்குது. அவன் பொழப்பைக் கெடுக்காத!"

சரோஜா குனிந்து பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ காத்தைப் புடிச்சு ஸ்டேஷன்ல குடுங்க மாமா." அன்று சாயங்காலமே ஷோயபுக்கு ஆள் அனுப்பினாள்.

மறுநாள் ஷோயப் வந்தான். சைக்கிளைச் சரோஜா வீட்டு வாசலில் நிறுத்தினான்.

"யோவ், என் வீடு இங்க இருக்குது!"

"தெரியும் பெரியவரே."

"பூச்சு பாதியில நிக்குதுய்யா!"

"நிக்கட்டும். தெருவைக் கூட்டி என்னைத் திட்டினீங்க. சரோஜாம்மாகிட்ட போயி காத்துன்னு சொன்னீங்க. எங்கிட்ட சொன்னீங்களா?"

பலராமனுக்கு எழுபது வயசில் மன்னிப்புக் கேட்கிற புதுப்பழக்கமா வரும்?

"காத்துதான்யா எடுத்துது!" என்று கத்தினார், திட்டுகிற அதே குரலில்.

ஷோயப் கரணையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இன்னும் சத்தமா சொல்லுங்க. அன்னைக்குத் தெருமுனை வரைக்கும் கேட்டுது."