பொட்டு வைத்த குளிர்பெட்டி

விஜயதசமி காலையில் முனீஸ்வரி ஆய்வகத்தைத் திறந்தபோது குளிர்பெட்டி சத்தமே போடவில்லை. வழக்கமாக வாசல்வரைக்கும் உறுமும். இப்போது கதவு நிறையச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே மாவிலை. கண்ணாடிக்குள் நெல் நாற்றுகள் வேர்த்துப்போய் நின்றன.

மதுரை வெக்கையில் உட்கார்ந்துகொண்டு, குளிரெடுத்தால் நெல்லுக்குள் எந்த ஜீன் முழித்துக்கொள்கிறது என்று பார்க்கிற படிப்பு அவளுடையது. கே.கே. நகரில் அவள் குடியிருக்கிற தெருவில் 'பேரையூர்ப் பொண்ணு ஃப்ரிட்ஜுக்குள்ள நாத்து பாவுதாம்' என்று சொல்லிச் சிரிக்காத வீடு கிடையாது. நாற்றுக்கு ஏசி, இவளுக்கு டேபிள் ஃபேன். ஊரில் அம்மா அழகம்மாளோ, தீபாவளிக்குள் படிப்பு முடியாவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக்குச் சரி சொல்லிவிடுவதாக முடிவுகட்டி உட்கார்ந்திருந்தாள். இந்தக் கடைசித் தட்டு நாற்றை இன்று நறுக்கி உறையவைத்தால் வேலை முடிந்தது.

ஆய்வக உதவியாளர் பேயாண்டி பொரிப் பொட்டலத்தோடு வந்தார்.

"அண்ணே, இதை யாரு அமத்துனது? அமத்தக்கூடாதுன்னு அம்புட்டுப் பெருசா எழுதி ஒட்டிட்டுத்தான ஊருக்குப் போனேன்!"

"அந்தத் தாளுலதான் தாயி சந்தனம் நல்லாப் பிடிச்சுச்சு. ஆயுத பூசைக்கு ஒரு ராத்திரியாச்சும் மிசினு ஓயணும்ல? வருசம் பூரா ஓடுது, பாவம்."

சத்தம் கேட்டுப் பேராசிரியர் வெங்கட்ரமணன் எட்டிப் பார்த்தார். மூடநம்பிக்கையைப் பற்றி மேடைமேடையாகப் பேசுகிறவர். நெற்றியில் அதே சந்தனம்.

"நாத்து சாகலையேம்மா. நறுக்கிடு. ஒரு ராத்திரி கரண்ட் இல்லேன்னா நெல்லுக்கு என்ன தெரியப்போறது?"

நெல்லுக்குத்தானே தெரியும். சூடு பட்டதும் குளிரில் முழித்த ஜீனெல்லாம் மறுபடி படுத்துக்கொள்ளும். முந்தாநாள் சுருண்டு கிடந்த இலைகள் லீவு விட்ட பிள்ளைகள் மாதிரி விரிந்து நின்றன. மறுபடி பாவி, வளர்த்து, குளிரில் வைத்தால் தீபாவளி தாண்டிவிடும். நறுக்கினால் யாருக்கும் தெரியாது. சாரே சொல்லிவிட்டார்.

கத்தரிக்கோலை எடுத்தாள். கைப்பையில் போன் அடித்தது. அந்நேரத்துக்கு அம்மாதான். எடுக்கவில்லை.

கத்தரிக்கோலைத் தட்டிலேயே போட்டுவிட்டு, இலைகளை உறையவைக்கக் கொண்டுவந்திருந்த திரவ நைட்ரஜன் குடுவையை வெளியே தூக்கிப்போய்ச் சாய்த்தாள். சுடுகிற சிமெண்டுத் தரையில் அது முத்துமுத்தாக ஓடியது. பின்னாலேயே வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்த பேயாண்டி பொரி மெல்வதை நிறுத்திவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார். வெள்ளைப் புகை அவர் வேட்டி விளிம்புவரை வந்து, படியைத் தொடுமுன் காணாமல் போனது. தரையில் ஈரம்கூட இல்லை.