வலி நோட்டு

"என்னங்க இது, லெட்டர் முழுக்கச் சிவப்பா இருக்கு?"

"திருத்தியிருக்கேன். மூணு பக்கம் எழுதியிருந்தே. ஏழு வரியில சொல்லிடலாம்."

"இது உங்களுக்கு எழுதின லெட்டருங்க. பேப்பருக்கு இல்ல."

"எதுக்கா இருந்தா என்ன? தொட்டதுக்கெல்லாம் அது மாதிரி, இது மாதிரி. இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிட்டுப் போயேன்."

கல்யாணமான புதிதில், அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியவளிடம் அவள் கடிதத்தையே நீட்டி அவர் பேசிய பேச்சு இது. அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். அதோடு சரி. அடுத்த இருபத்தாறு வருஷத்தில் அவள் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. பேச்சும் "சாப்பாடு ரெடி", "கேஸ் தீர்ந்துடுச்சு" என்ற அளவில் நின்றுபோனது. சிக்கனமாகப் பேசுகிற மனைவி வாய்த்ததாக அவர் மகிழ்ந்தார்.

நாளிதழில் அவர் உதவி ஆசிரியர். ஆபீஸில் எல்லோரும் கத்தரி என்பார்கள். வெயில் நெருப்பாய்க் கொட்டியது என்று நிருபர் எழுதிக் கொடுத்தால், வெயில் அடித்தது என்று அச்சாகும். அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூரக் கர்வம்.

இப்போது அவள் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில், போர்வைக்கடியில் ஆள் இருப்பதே தெரியாமல் கிடந்தாள். மார்பில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. குணமாக்குவது பற்றி யாரும் பேசுவதில்லை. வலியைக் குறைப்பது மட்டும்தான் பாக்கி. தினமும் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கணவர் மூன்று வாரமாக ஒரு நாள் தவறாமல் எழுதினார்.

அன்று மதியம் டாக்டரம்மா அந்த நோட்டைப் புரட்டினார்.

"இடுப்பில் வலி, மிதம். இடுப்பில் வலி, கடுமை. நேற்றைய நிலையே நீடிக்கிறது. சார், இதென்ன வானிலை அறிக்கையா?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"எரியுதா, பிழியுதா, ஷாக் அடிக்குதா, ஒண்ணும் இல்லையே! நரம்பு வலின்னா மருந்தே வேற. அம்மா, நீங்க சொல்லுங்க, எப்படி வலிக்குது?"

அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "வலிக்குது டாக்டர்."

"அஞ்சு மணிக்குத் திரும்ப வர்றேன் சார். அதுக்குள்ள கேட்டு எழுதி வைங்க. இல்லேன்னா டோஸை ஏத்தி மயக்கத்துலயே வெச்சிருக்கணும். மிச்ச நாளும் தூங்கியே போயிடும்."

வராந்தாவில் பிளாஸ்க்கோடு வந்துகொண்டிருந்த கொழுந்தியாளைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். "உங்க அக்கா வாயைத் திறக்க மாட்டேங்கறாளே."

"யாரு, அக்காவா? எங்கிட்ட வண்டி வண்டியா சொல்றாளே மாமா!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நோட்டு வாங்கின அன்னிக்கே சொன்னாளாம். நீங்க தலையை ஆட்டிட்டு, இடுப்பில் வலின்னு எழுதி மூடி வெச்சீங்களாம். 'இன்னமும் வெட்டறார்டி'ன்னு சிரிக்கிறா. அழுதிருந்தாக்கூடத் தேவலை."

அவருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவள் நெடுநேரம் ஏதோ சொன்னதும், அவர் பேனா காத்திருந்ததும், கடைசியில் இரண்டே வார்த்தையில் அடக்கிவிட்ட திருப்தியும் நினைவிருந்தன. அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை.

"நீயே சொல்லேன்மா. எழுதிக்கறேன்."

"மாட்டேன். இத்தனை வருஷம் கேட்காததை இன்னிக்காவது அவகிட்டயே போய்க் கேளுங்க."

அவர் போனார். ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்தார்.

"எது மாதிரி வலிக்குது?"

மாதிரி என்ற சொல் அவர் வாயில் இரவல் சட்டையாகத் தொளதொளத்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் வலித்தது. அது அடங்கும்வரை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு? ரெண்டு வார்த்தையில முடிச்சுடுவீங்க."

"மாட்டேன். சொல்றதை அப்படியே எழுதறேன். கமா உள்பட."

பதினெட்டு வருஷம் வீட்டுக்குக் கீழே லாண்டரிக் கடை நடத்தியவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ரெண்டு பேர் ஈரப் போர்வையை ஆளுக்கொரு முனை புடிச்சு முறுக்கிப் பிழிவோமே, அந்த மாதிரி என் முதுகைப் பிழியறாங்க. தண்ணியெல்லாம் வடிஞ்சாச்சு. ஆனா விட மாட்டேங்கறாங்க. அப்புறம் தொடையில... நம்ம பழைய அயர்ன் பாக்ஸ் ஒயர் பிஞ்சு கிடந்ததே, ஈரக்கையோட தொட்டுட்டேனே ஒரு தடவை. அந்த மாதிரி விறுக்குன்னு பாதம் வரைக்கும் போகுது. போனப்புறம் அந்த இடத்துல சூடான பாக்ஸை நிமிர்த்த மறந்துட்டுப் போயிட்ட மாதிரி ஒரு எரிச்சல். துணி கருகற வாசனைகூட வருதுங்க. நீளமா இருந்தா வெட்டிக்கோங்க."

"இல்ல. சொல்லு."

இரண்டு பக்கம் வந்தது. ஓரிடத்தில் எழுத்து நனைந்து கலங்கியது. அதன்மேலேயே திரும்ப எழுதினார்.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா நின்றபடியே படித்தார். "இது நரம்பு வலிதான் சார். மூணு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கியவர், முடிக்காமல் நர்சைக் கூப்பிட்டு மருந்தை மாற்றினார்.

மறுநாளும் வலி போகவில்லை. மூன்றாம் நாள் காலையில், இறுகிக் கிடந்த அவள் விரல்கள் முதன்முறையாகப் போர்வைமேல் விரிந்து கிடந்தன.

அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த லெட்டர்ல கடைசிப் பாராவை முழுசா அடிச்சிருந்தேன். அதுல என்ன எழுதியிருந்தே?"

"ஞாபகம் இல்லையா?"

"இல்ல."

"உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன். அதுதான் தேவையில்லாத பாராவாச்சே."

"இப்போ கேளு."

அவள் ஜன்னலிலிருந்து முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஆபீஸ்லேருந்து வந்ததும் கொஞ்ச நேரம் என் பக்கத்துல உட்காருங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும், எதையும் திருத்தாம, சும்மா கேட்டுட்டு இருங்க."