வியாழக்கிழமை ஐம்பத்திரண்டு நிமிடம்

குளத்தூரில் பாசிலா அக்காவின் ஜெராக்ஸ் கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அக்கா, நான், காலேஜ் விட்டு மாலையில் வரும் சிவரஞ்சனி, மூன்று பேரும் அதில்தான் வேலை பார்ப்போம். கடை அடைக்கும் முன்பே அன்றைய நெட் தீர்ந்து, விண்ணப்பம் போட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அதனால் அக்கா ஒரு புரோகிராம் போட்டுவைத்தாள். எந்தத் தளத்தை என்றைக்கு எத்தனை நிமிடம் பார்த்தோம் என்று அது காட்டிவிடும்; வேண்டாத தளத்தைத் திறக்க முடியாதபடி பூட்டவும் செய்யலாம். ஐந்து நிமிடம் யாரும் மவுஸைத் தொடவில்லை என்றால் எண்ணுவதை நிறுத்திவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம், "இளமதி, அதத் தொறந்து வாசி புள்ள. வேலைக்கு ஆகாததையெல்லாம் பூட்டிரு" என்றாள்.

வாசித்தேன். வீடியோ தளம், மூன்று மணி நேரம் பத்து நிமிடம்.

"மெஹந்தி டிசைன்க்கா," என்றாள் சிவரஞ்சனி.

"மூணு மணி நேரமா? ஊருக்கே கை வரையப் போறியா? பூட்டு அத!"

பூட்டினேன். அடுத்த வரியைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

அது என் பக்கம். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட பிறகு நோட்டு நோட்டாக எழுதுகிறேன். அதில் ஒரு கதையை, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், வேறு பெயரில் ஏற்றி வைத்திருந்தேன். மூன்று மாதமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது, வியாழக்கிழமை, ஐம்பத்திரண்டு நிமிடம். அன்றைக்கு நான் லீவு.

யாரோ படித்திருக்கிறார்கள்! திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் ஐந்து நிமிடம்தான் ஏறியிருக்கும். அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"என்ன, வாய மூடிட்ட?" சிவரஞ்சனி என் தோளுக்கு மேல் எட்டி அந்த வரியை வாசித்தாள். "வியாழக்கெழம இவ லீவு. எனக்குப் பரீட்ச, வரவே இல்ல. அப்ப கடையில யாருக்கா இருந்தது?"

பாசிலா அக்கா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஒரு எழுத்துதான் தட்டுனேன், அதுவா வந்து நின்னுச்சுடி. கதை. இருளாயின்னு ஒருத்தி புருசன்கிட்ட சண்ட போட்டுட்டு குன்றாண்டார்கோவில்ல பஸ் ஏறுறா. எங்க இறங்கணும்னு கண்டக்டர் கேக்குறான். அதோட நிக்குது. ரெண்டு தடவ படிச்சேன். மிச்சத்த எழுதாம எங்க போய்த் தொலைஞ்சாளோ!"

"நல்லாருக்கு நாயம். என் மெஹந்தியப் பூட்டுவீங்க, உங்க இருளாயி மட்டும் பஸ்ல போவாளா?"

"சரிதான். அதையும் பூட்டிரு இளமதி. இல்லாட்டி நானும் அங்கிட்டே போயி உக்காந்துருவேன்."

மவுஸில் விரலை வைத்தேன். எனக்கு இருப்பதே ஒரு வாசகி. அழுத்தினால் அவளும் போய்விடுவாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் எனக்குக் குரல் எங்கிருந்து வந்ததோ.

"பூட்ட வேணாம்க்கா. திங்கக்கெழமைக்குள்ள இருளாயிய இறக்கி விட்டுர்றேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீயா எழுதுன?" என்றாள் அக்கா.

தலையாட்டினேன்.

அக்கா என் நாற்காலியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "எங்கடி இறக்குவ? இப்பவே சொல்லு!"

அதுதான் எனக்கும் தெரியாது. நோட்டு வீட்டில் இருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.