மாரியில் காயாத பூ

அந்தப் பூக்கள் காயவேண்டிய கிழமையில்தான் மாரி பிடித்துக்கொண்டது.

கஞ்சாப் பூவுக்கு வெயில் வேண்டாம். வெயில் படவே கூடாது. இருட்டறையும் ஈரமில்லாத காற்றும் போதும். ஆனால் கார்த்திகை மாதத்தில் கனகராயன்குளத்தில் ஈரமில்லாத காற்றுக்குச் சுரேகா எங்கே போவாள்? நெல்லைக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்லக்கூடியவள். மிளகாய்ப்பழத்தைக் காயவைத்துச் செத்தலாக்கத் தெரிந்தவள். இந்தப் பூவிடம் மட்டும் அவளுடைய கைப்பழக்கம் ஒன்றும் செல்லவில்லை.

அதை அவள் வளர்த்தது புருசனுக்காக. போரின் கடைசிச் சண்டையில் பட்ட செல் குண்டின் துண்டு பிரதாபனின் முள்ளந்தண்டோடு ஒட்டிக் கிடக்கிறது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றார்கள் டொக்டர்மார். அந்த உணர்வில்லாத கால்கள்தான் திடீரென்று இறுகி, முறுக்கி, துள்ளும். நெருப்பை இழுத்துவிட்டதுபோல ஒரு நோ முதுகால் ஏறும். கிளினிக்கில் தந்த குளிசைக்கு நோ சில வருடம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

வவுனியா ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஒருவன் சொல்லித்தான் போன வருடம் மரவள்ளிக்குள் ஒரு செடி வைத்தாள். அதன் பூவைப் பாலில் காய்ச்சிக் கொடுத்த மாதங்களில் பிரதாபன் விடியும்வரை நித்திரை கொண்டான். ஒரு நாள் கட்டிலில் கிடந்தபடி, "சுரேகா, எனக்குப் பசிக்குது" என்றான். அவன் தானாகப் பசியென்று சொல்லி எத்தனை காலம்! அவள் குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த வருடம் மூன்று செடி வைத்தாள்.

பழையது தீர்ந்துபோன நேரத்தில் புதியதை வெட்டினாள். அறைக்குள் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டாள். மணம் வெளியே போகாமல் யன்னலுக்குச் சாக்கு அடித்தாள். கட்டிலில் கிடந்தபடி பிரதாபன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"காம்பை வளைச்சுப் பாரும். முறியவேணும். முறிஞ்சாத்தான் போத்திலுக்குள்ள போடலாம்."

அவள் வளைத்தாள். ஈர்க்கு முறிவதுபோல முறியவேண்டிய காம்பு றப்பர்போல வளைந்து கொடுத்தது. அடுத்த நாளும் வளைந்தது. கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டேயிருந்தது. கயிறுகூட ஈரமாய் இருந்தது.

அதற்குள் பிரதாபனுக்கு வருத்தம் கூடிவிட்டது. ஒரு நாளில் எத்தனை தடவை கால் இழுத்தது என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கால்களின் மேல் குறுக்கே விழுந்து, தன் பாரம் முழுவதையும் கொடுத்து அமத்திப் பிடிப்பாள். அவன் துவாயைக் கடித்துக்கொண்டு கிடப்பான். பொறுக்கமுடியாமல், காய்ந்தது போதும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, பூக்களைக் கிள்ளிப் போத்தல்களில் அடைத்தாள்.

திறந்து பார்த்தபோது நனைந்த வைக்கோல் மணம் வந்தது. ஒரு போத்தலின் அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம்.

"காட்டும் பாப்பம்" என்றான் பிரதாபன். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

பழுதானதைக் கிடங்கு வெட்டிப் போட்டு மூடினாள். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுளகில் பரப்பி, அடுப்புக்கு மேலே கம்பியில் தூக்கிக் கட்டி, கீழே தணலை மட்டும் விட்டாள்.

"சூடு கூடினா மருந்து போயிடும்!" என்று அறைக்குள்ளிருந்து அவன் கத்தினான்.

"தெரியும். கத்தாதேங்கோ."

மணம் குசினியை நிரப்பி, வாசலோரத்து ஒழுங்கைக்கு இறங்கியது. குடையோடு போன அன்னபாக்கியம் மாமி படலையடியில் நின்றார். பக்கத்து வளவுக்காரி, எல்லார் வீட்டுக் கதையும் அறிந்த மனுசி.

"என்ன பிள்ளை மணக்குது?"

"சாம்பிராணி மாமி. ஒரே நுளம்பு."

மாமி குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுரேகா படலைக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். மாமி எங்கே போகிறார்? யாரிடம் சொல்லப்போகிறார்? அடுப்படிக்கும் படலைக்குமாக நடந்தாள். மத்தியானம் கடந்தபோது ஒழுங்கை முனையில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

அவள் யோசிக்கவில்லை. சுளகை அப்படியே அடுப்புக்குள் கவிழ்த்தாள். போத்தல்களில் இருந்ததையும் கொட்டினாள். ஊதினாள், கண் எரிய எரிய ஊதினாள். பூ சீறிக் கருகியது.

"சுரேகா, என்ன செய்யிறீர்?" அவன் குரல் உடைந்திருந்தது. மணத்திலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. "சுரேகா!"

சப்பாத்துச் சத்தம் முற்றத்துச் சேற்றுக்குள் வந்தது. மழைக்கோட்டுப் போட்ட பொலிஸ்காரர், வயது போனவர், சிங்களச் சாயலான தமிழில் சொன்னார்.

"அக்கா, குளம் நிரம்பி வான் பாயுது. இங்க தண்ணி வரும். இப்ப ஸ்கூலுக்குப் போகணும்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். அவர் வாயைத் திறக்குமுன் அறைக்குள் கட்டில் அதிர்ந்தது. பிரதாபனுக்குக் கால் இழுக்கத் தொடங்கியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

"மருந்து இல்லையா?"

"இல்லை ஐயா. இப்ப இல்லை."

அவரும் ஜீப்பில் வந்த இன்னொருவருமாகத்தான் அவனைக் கதிரையில் இருத்தித் தூக்கி, சனத்தை ஏற்ற வந்த உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள்.

பள்ளிக்கூட மண்டபம் பாயும் பொதியும் சனமுமாக இருந்தது. வாங்குப் பலகைகளைச் சேர்த்துப் பிரதாபனைக் கிடத்திய கையோடு அடுத்த இழுப்பு வந்தது. அவன் போட்ட கூச்சலில் குழந்தைகள் அழத் தொடங்கின. சுரேகா ஒரு காலில் விழுந்தாள். மற்றக் கால் அவள் நாடியில் உதைத்தது. அதை யாரோ வந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தார்கள். அன்னபாக்கியம் மாமி.

கால் அடங்கியபிறகு மாமி மெதுவாகக் கேட்டார். "அதில கொஞ்சமெண்டாலும் கொண்டுவந்தனியே?"

"எதை மாமி?"

"போன வருசமே தெரியும் பிள்ளை. ஒழுங்கை முழுக்கத் தெரியும். இந்தப் பெடியன் படுகிற பாட்டைப் பாத்துப்போட்டு ஆர் வாய் திறப்பினம்?"

சுரேகா மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எரிச்சுப்போட்டன் மாமி. எல்லாத்தையும் எரிச்சுப்போட்டன்."

மாமி தலையில் கைவைத்துக்கொண்டார். பிரதாபன் கண்ணை மூடியபடியே சொன்னான்.

"எரிச்சது நல்லதுதான். உம்மைப் பிடிச்சுக்கொண்டு போயிருந்தா இந்தக் காலை ஆர் அமத்திறது?"

"நல்லதெண்டு சொல்லாதேங்கோ" என்று அவள் சீறினாள். "என்னை ஏசுங்கோ. பேய்ச்சி எண்டு ஏசுங்கோ."

அவன் ஏசவில்லை. அவளுடைய வீங்கிய நாடியைத் தடவினான்.

மறுநாள் நடமாடும் மருத்துவக் குழு வந்தபோது, இனிப் பயந்து என்ன என்று அந்த இளம் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி நின்ற சனமும் கேட்டுக்கொண்டு நின்றது. டொக்டர் பேனாவை மூடினார்.

"அதை நான் எழுதித்தர ஏலாது அக்கா. வேற மருந்து இருக்கு, ஆஸ்பத்திரியில வச்சுத்தான் குடுக்கவேணும்."

அம்புலன்ஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனது. வெள்ளம் வடிந்து சனம் வீடு திரும்பியபிறகும் அவர்கள் வார்டில்தான் இருந்தார்கள். புது மருந்து அரைவாசிக்குக் கேட்டது. அந்த மாரி முழுவதும் பிரதாபன் அரை நித்திரை கொண்டான். மற்ற நேரமெல்லாம் சுரேகா அவன் கால்களின் மேல் கிடந்தாள்.