ஐந்தாம் காரணிக்கம்

சிவப்பு பல்பின் அடியில் எல்லோரும் முட்டிபோட்டிருக்கிறார்கள், யாரும் பேசவில்லை, திருஇருதயப் படத்துக்குக் கீழே அப்பாவின் வழுக்கைத் தலை, அவருக்குப் பின்னால் ரெமி அண்ணன், மதினி, எஸ்கலின் அக்கா, செபமாலை மணிகள் மட்டும் அவரவர் விரலில் நகர்கின்றன, ஒரு வாயும் அசையவில்லை, அடுக்களையில் குழாய் சொட்டுகிற சத்தம் கூடம்வரை கேட்கிறது, டெல்பின் அங்கே இல்லை, அவள் மதுரையில் தன் வீட்டு அடுப்படியில் குக்கர் விசிலுக்குக் காத்து நிற்கிறாள், ஆனாலும் சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் போதும், தூத்துக்குடி வீட்டின் அந்த மௌனம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்துவிடுகிறது, போ என்றால் போவதில்லை, அவள் டீவியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள், அப்போதும் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த வீட்டில் செபமாலை என்றால் சோறு மாதிரி, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் உண்டு. ஐந்து காரணிக்கம், ஒவ்வொன்றுக்கும் பத்து அருள்நிறை மந்திரம், ஆளுக்கு ஒன்றைத் தொடங்கிச் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லவேண்டும், முதலாவது அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது, மூன்றாவது ரெமி, நான்காவது எஸ்கலின், ஐந்தாவது கடைக்குட்டி டெல்பின், காய்ச்சல் என்று படுத்தாலும் படுத்தபடியே உன் முறையைச் சொல்லிவிட்டுப் படு என்பார் அப்பா. அவர் பெயர் பொனிப்பாஸ் மச்சாது, ஊருக்குத் தோணித் தண்டல், கொழும்புக்குக் கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிப்போன பாய்த்தோணியைப் பாதி ஆயுள் ஓட்டியவர், இடுப்பில் மரம் விழுந்த பிறகு கடலை விட்டுக் கரைக்கு வந்து உப்புக் கிட்டங்கியில் மேஸ்திரியானார், அதற்குப் பிறகு பிறந்தவள் டெல்பின், அவளுக்குத் தெரிந்த அப்பாவிடம் கடல் கிடையாது, விடியுமுன் முதல் பூசைக்கு மணி அடிக்கும்போதே வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு மாதா கோவிலுக்கு நடக்கிறவர், நற்கருணைப் பவனியில் குருவானவருக்குக் குடை பிடிக்கிறவர், தபசுகாலம் வந்தால் சுருட்டை விட்டுவிட்டு வீட்டில் பூனை தும்மினாலும் சீறுகிறவர். ஆண்டவரு நாப்பது நாளு பட்ட பாடு பெருசா, இந்த மனுசன் சுருட்ட விட்டுட்டு நம்மளப் படுத்துத பாடு பெருசா என்று அம்மா அடுக்களையில் முணுமுணுப்பாள், அப்பாவுக்குக் கேட்கும், கேட்காத மாதிரி இருப்பார், மீசை மட்டும் அசையும்.

டெல்பின் தூங்கி விழுவாள், ஐந்தாவது முறைக்குள் எந்தப் பிள்ளைதான் விழித்திருக்கும், அப்பா அவளைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு முழங்கையால் மெல்ல இடிப்பார், உப்பும் சுருட்டும் கலந்த வாடை வரும், ஏட்டி, நான் தொறக்கேன், நீ பூட்டணும், பூட்டாத வீட்ல ஆருட்டி படுப்பா என்பார் காதுக்குள், அவள் கண்ணைத் திறவாமலே அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பிப்பாள், அவள் குரல் ஓய்ந்த பிறகுதான் வீடு எழுந்திருக்கும், ராச்சோறு இறங்கும். பிறகு அம்மா போய்ச் சேர்ந்தாள், அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே இரண்டாம் முறை வந்தபோது எல்லோரும் திகைத்திருக்க, அப்பா திரும்பி மதினியைப் பார்த்தார், நீ சொல்லும்மா, போனவளுக்கு நாமதான் வேண்டணும், அவ முறைய சும்மா போட்டு வைக்கக்கூடாது என்றார், மதினி அழுதுகொண்டே சொன்னாள், அன்று முதல் அது மதினியின் காரணிக்கம்.

அப்புறம் சண்முகவேல் வந்தான், அவன் பெயரைச் சொன்ன அன்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டார், அடித்திருந்தால் அவள் பட்டுக்கொண்டு அங்கேயே கிடந்திருப்பாள், பீடத்துக்கு முன்னால கட்டாத தாலிக்கு நான் வரமாட்டேன் என்று மட்டும் அக்காவிடம் சொல்லியனுப்பினார், அவரும் வரவில்லை, ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து இவளும் திரும்பிப் பார்க்கவில்லை, அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை, வீம்பில் யாருக்கு யார் இளைத்தவர். வருடம் ஒன்று கழிந்து மதினியின் தங்கை ஜவுளிக்கடையில் கண்டு பேச்சுவாக்கில் சொன்னாள், உன் முறைய ஒங்கப்பா ஆருக்குமே குடுக்கலியே, ரெமி மச்சான் கேட்டதுக்கு முறைச்சிட்டாராம், அந்நேரம் வீடே வாய மூடிக்கிட்டுக் கெடக்கு, பாக்கவே ஒரு மாதிரி இருக்கும் என்று. எடுத்த சேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள் டெல்பின். செத்த அம்மாவின் முறைக்குக்கூட அன்றைக்கே ஆள் உண்டு, என்னுடையதைத் தொடுவதற்கு ஒருவருக்கும் மனசில்லை, சவத்தைவிடக் கீழாகப் போய்விட்டேன் அப்பாவுக்கு என்று அன்று நினைத்தவள், அதற்குப் பிறகு அக்கா போன் செய்தால்கூட சண்முகவேலிடம் நீட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள், தன் செபமாலையைப் பீரோவின் அடித்தட்டில் போட்டவள் திரும்ப எடுக்கவில்லை, உள்ளுக்குள் மட்டும் அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார், தலைமுழுகிவிட்டார் என்று அரைத்துக்கொண்டே இருந்தாள், வருடங்கள் அதன் போக்கில் போயின.

அப்பாவுக்கு வாய் நின்னுபோச்சுட்டி, வந்தா வா, வராட்டி அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாத என்று அக்கா போனில் அவளையே கூப்பிட்டுச் சொன்ன அன்றுதான் பஸ் ஏறினாள், சண்முகவேலும் கூட வந்தான். கட்டிலில் அப்பா ஒரு பிடியாகிக் கிடந்தார், கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது, அவள் அடுக்களைக்குள் ஓடிப்போய் அக்காவின் தோளில் விழுந்து, சாகும்போதாவது என்னைய மகள்னு நினைப்பாவளாக்கா, என் முறையக்கூட தீட்டு மாதிரி ஒதுக்கி வச்சாவளே என்று கேட்டாள். எஸ்கலின் அவளை விலக்கி நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தாள். அட கோட்டிக்காரி, இதையா இத்தன வருசம் நெஞ்சில வச்சிக்கிட்டுத் திரிஞ்ச, அப்பா தோணியில போயிருந்த காலத்துல நீ பொறக்கலல்லா, அம்மா மொத காரணிக்கத்த எங்க ஒருத்தரையும் சொல்ல விடமாட்டா, அப்பா கடல்ல இந்நேரம் சொல்லிக்கிட்டிருப்பாவ, குறுக்க பேசாதீங்கம்பா, நாங்க வாய மூடிக்கிட்டு மணிய மட்டும் உருட்டுவோம், செத்தவங்க முறையத்தான் அடுத்தவங்களுக்குக் குடுப்பாவ, பயணத்துல இருக்கவங்க முறைய ஆருக்கும் குடுக்க மாட்டாவ, ரெமி கேட்டதுக்கும் அதத்தான் சொன்னாவ, பிள்ள வெளிய போயிருக்கு, அங்க சொல்லிக்கிட்டிருக்கா, நீ குறுக்க பேசாதலேன்னு. குழாய் சொட்டியது. நீ அங்க சொன்னேல்லா என்று அக்கா கேட்டாள், டெல்பின் தரையைப் பார்த்தாள், எஸ்கலினுக்குப் புரிந்துவிட்டது, சரி போட்டும், அத மட்டும் அப்பாட்ட சொல்லித் தொலச்சிராத என்று கண்ணீரோடு சிரித்தாள். டெல்பினுக்குச் சிரிக்க முடியவில்லை, அவமானமாக இருந்தது, அத்தனை சாயங்காலமும் அந்த மனுசன் அவள் குரலுக்காக முட்டிவலியோடு மௌனமாக இருந்திருக்கிறார், அவளோ டீவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்குக் கட்டிலைச் சுற்றி முட்டிபோட்டார்கள், வாய் நின்ற நாளிலிருந்து அப்பாவுக்காக ரெமி முதல் முறையைச் சொல்லிவருகிறான், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, பிறகு எல்லோரும் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டார்கள், ஐந்தாவது வந்துவிட்டது, வாசல் பக்கம் சண்முகவேல் எப்படிக் கும்பிடுவது என்று தெரியாமல் தனக்குத் தெரிந்த மாதிரி கும்பிட்டு நிற்கிறான், டெல்பினுக்கு மந்திரம் மறந்துபோயிருக்குமோ என்று பயம், பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று எப்படியோ தொடங்கி அருள் நிறைந்த மரியேக்கு வந்துவிட்டாள், மற்றவர்கள் பதில் சொல்ல வாயெடுக்குமுன் கட்டிலில் இருந்து காற்று மாதிரி ஒரு குரல், பழைய தமிழில், தோணியில் சொல்லிப் பழகிய தமிழில், அர்ச்சியசிஷ்ட மரியாயே என்றது, அதற்கு மேல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது, ரெமி அழுதுவிட்டான், அவள் நிறுத்தாமல் பத்தையும் சொல்லி முடித்து அப்பாவின் காதில் குனிந்து, பூட்டிட்டேம்பா என்றாள். மீசை அசைந்தது. மறுநாள் விடியலில், முதல் பூசை மணிக்கு, அப்பா போனார்.

அடக்கம் முடிந்து வந்தவர்கள் வந்த மாதிரியே ஏழு மணிக்குச் சிவப்பு பல்பின் அடியில் முட்டிபோட்டிருக்கிறார்கள், முன்னால் அப்பாவின் இடம் காலி, மதினி, அக்கா, பின்னால் இன்றைக்கு முட்டிபோடப் பழகிக்கொண்ட சண்முகவேல், வீட்டு வழக்கப்படி முதல் காரணிக்கம் இனி ரெமிக்கு நிலையாக வந்துவிடும், அவன் தொண்டையைச் செருமினான், டெல்பின் அவன் கையைப் பிடித்தாள். இருண்ணே, அப்பா சொல்லிக்கிட்டிருக்காவ. போனவங்க முறைய சும்மா போடக்கூடாதுன்னு அப்பாதான என்று ஆரம்பித்த ரெமி பாதியில் நின்றான், அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். யாரும் பேசவில்லை, மணிகள் மட்டும் அவரவர் விரலில் நகர்கின்றன, அடுக்களையில் குழாய் சொட்டுகிறது, அவர் திறக்கட்டும், பூட்ட நான் இருக்கிறேன் என்று டெல்பின் தன் முறைக்காகக் காத்திருந்தாள்.