அலசிய கை

படுவான்கரையில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அந்தச் சிறிய தேவாலயத்துக்குப் போதகரை எந்த ஆயரும் நியமிப்பதில்லை. சனம்தான் தெரிவு செய்யும். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகமொன்றில் வேதம் படித்து, பிரபுக்கள் கைகாட்டுகிற ஆள்தான் குரு என்ற வழக்கத்தோடு முட்டிக்கொண்டு கப்பலேறிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் வைத்த சட்டம் அது. எழுத்தறியாத சனத்துக்கு வாக்குச்சீட்டு எதற்கு? சட்டிக்குள் நெல்மணி போட்டால் சம்மதம், பதர் போட்டால் மறுப்பு. மூடிய கைக்குள் எது இருக்கிறதென்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. பிறகு அதில் தண்ணீர் ஊற்றினால் நெல் தாழும், பதர் மிதக்கும். கைபேசியில் வேதம் வாசிக்கிற இந்தக் காலத்திலும் சனம் இதை விட்டுக்கொடுக்கவில்லை. இப்படியொரு பெருமை வேறெந்தச் சபைக்கு இருக்கிறது?

இந்த முறை சபை மூப்பர் யோகராசாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றி முடிவு சொல்ல வேண்டியவர் அவர். சம்மதம் கேட்டு நிற்பவளோ அவருடைய மகள் மேனுகா. தேறினால் அந்தச் சபையின் முதல் பெண் போதகர். தேறாவிட்டால் அந்த இடம் உதயரூபனுக்கு. அவன் வவுணதீவு வயல்வட்டையில் உழுது விதைக்கிறவரின் மகன். பல்கலைக்கழகக் கிறிஸ்தவ மாணவர் சங்கத்தில் அவள் தலைவி, அவன் செயலாளர். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள்.

யோகராசா முன்கூட்டியே ஒரு முடிவோடு வந்திருந்தார். தண்ணீர் ஊற்றுவார், சட்டிக்குள் கை வைக்கமாட்டார். மகளுக்காகத் தகப்பன் கைவேலை காட்டினான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே!

கடைசி ஆளும் போட்டு முடிந்தது. ஊற்றினார். பாதிக்கு மேல் மிதந்தது.

காய்ந்த நெல் காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும், கைவிட்டு அலசினால்தான் தாழும் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் அவளை வேண்டாதவர்கள் ஏன் வாய் திறக்கப் போகிறார்கள்? வேண்டியவர்களுக்கோ, பக்கச்சார்பு என்ற பேச்சு வருமே என்று பயம். யோகராசா மகளுக்குச் சம்மதம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

முன்வாங்கில் உட்கார்ந்திருந்த உதயரூபன் எழுந்து வந்தான்.

"அலசுங்க மாமா."

"நான் கை வைக்கமாட்டன், தம்பி. அவள் என்ட புள்ள."

"அப்ப நான் அலசுறன். என்ட கையில ஆருக்கும் சந்தேகம் வராதுதானே?"

சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை நனைய அலசினான். மிதந்த மணிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மேலே மிஞ்சியது கொஞ்சப் பதர்தான். யோகராசா இரண்டு கையாலும் அவன் கையைப் பற்றிக்கொண்டார். அவர் சொல்ல வேண்டிய முடிவையும் உதயரூபனே சனத்தின் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"மேனுகாதான் எங்கட போதகர்."

கைவைக்காமல் நின்றதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார் மனிதர். அது வெறும் பயம் என்பது இப்போதுதான் உறைத்தது. நேர்மை, தோற்கப் போகிறோமென்று தெரிந்தும் தண்ணீருக்குள் கைவிட்டவனிடம் இருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமை பொங்கியது. இப்படி ஒருவன் வளர்ந்த சபைக்கல்லவா தன் மகள் போதகராகிறாள்!

மேனுகா பீடத்தில் ஏறினாள். யோகராசா கண்ணைத் துடைக்கவில்லை. துடைப்பதென்றால் உதயரூபனின் ஈரக் கையை விட வேண்டும்.