தனித் தட்டு

எங்கள் குடும்பத்தில் ஞாயிறு மதியம் எல்லோரும் ஒரே பாத்திரத்தில்தான் சாப்பிடுவோம். என் கணவர் மிலூத்தின் அக்கா பஹிஜாவின் வீட்டில், மெக்னேஸ் ஊரின் பழைய நகரத்துக்குள். பஹிஜா வட்ட மேசையின் நடுவில் கறியும் காயும் குழம்போடு வெந்த தஜின் மண்சட்டியை வைத்து மூடியைத் திறப்பாள். பிஸ்மில்லா சொன்னதும் ஆளுக்கொரு ரொட்டித் துண்டோடு இறங்க வேண்டியதுதான். கரண்டி கிடையாது, முள்கரண்டி கிடையாது. ரொட்டியால் அள்ளி, ரொட்டியோடு வாயில் போட வேண்டும். சட்டியில் அவரவருக்கு நேர் எதிரே இருப்பது அவரவர் பக்கம். அடுத்தவர் பக்கம் கை போனால் பஹிஜா புறங்கையில் ஒரு அடி வைப்பாள்.

அந்தச் சட்டியில் இருபது வருடமாக எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் அது பறிபோனது.

காரணம் பூஞ்சை. நாக்கில் வெள்ளைப் படை, வயிறு எந்நேரமும் உப்பல், வெளியே சொல்ல முடியாத இடத்தில் அரிப்பு. நான் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். நாள் முழுக்க ஒரு சின்ன வண்டியில் அந்நியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நெளியாமல் இருப்பது என்ன பாடு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மாத்திரை போட்டால் போகும், நிறுத்தினால் வரும். நாலாவது தடவை எழுதிக் கொடுக்கும்போது டாக்டரம்மாவுக்கே அலுத்துவிட்டது.

"சாப்பாட்டையும் மாத்திப் பாருங்க, தூரியா. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. பன்னண்டு வாரம். சர்க்கரை, தேன், பழம் கிடையாது. கோதுமை கிடையாது. புளிக்க வெச்சது எதுவும் கிடையாது" என்றார்.

"அப்போ ரொட்டி?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவரும் மெக்னேஸ்காரர்தான்.

முதல் ஞாயிறு மேசையில் இதைச் சொன்னேன். பஹிஜா எழுந்து போய், பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்றையும் ஒரு முள்கரண்டியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கறியும் காயும் அதில் எடுத்துப் போட்டாள். வெளிநாட்டு விருந்தாளி வந்தால் எடுக்கிற தட்டு அது.

"நல்லா சாப்பிடு. கூச்சப்படாத" என்றாள்.

நானா கூச்சப்படுகிறவள்? எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே பஹிஜாவின் கணவர் சி லர்பி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து என் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். மூன்றாவது வாரம், என் பக்கம் என்று ஒன்று இருந்ததையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். எல்லோர் தலையும் சட்டியின் மேல் கவிந்திருக்கும், நான் மட்டும் முதுகை நேராக வைத்துக்கொண்டு முள்ளால் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருப்பேன். அவர்கள் பேச்சுகூட அந்தச் சட்டியோடு நின்றுவிடும், என் தட்டு வரைக்கும் வராது.

மிலூத் சமாதானம் சொன்னார். "இன்னும் கொஞ்ச நாள்தானே. இல்லன்னா ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு துண்டு சாப்பிட்டுக்க. ஒரு துண்டுல என்ன ஆயிடப் போவுது?"

"சிவப்பு விளக்குல ஒரே ஒரு தடவை போனா என்ன ஆயிடப் போவுதுன்னு எங்கிட்ட கேக்குற பசங்களை நான் என்ன செய்வேன் தெரியுமா?"

நான் முடிவு செய்துவிட்டேன். பன்னிரண்டு வாரத்தையும் முடிப்பேன், ஒரு நாள் குறையாமல். அதற்குள் சட்டியில் என் பக்கத்தையும் திரும்ப வாங்குவேன். அதற்கு எனக்குத் தேவை கோதுமை இல்லாத, புளிக்காத ஒரு ரொட்டி. ருசி இரண்டாம்பட்சம். குழம்பில் முக்கினால் உடையக் கூடாது, மூன்று விரலுக்குள் வளைய வேண்டும், ஒரு துண்டுக் கறியைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

கம்பு மாவு வாங்கினேன். முதல் ரொட்டி குழம்பில் பட்டதும் மணலாகக் கரைந்தது. இரண்டாவதில் முட்டை சேர்த்தேன். மிலூத் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கலாம் என்றார், நானும் இரண்டு நாள் கொடுத்தேன். மூன்றாவதில் பாதாம் பொடி. வாசனை நன்றாக இருந்தது, ஆனால் தொட்டால் பொடிந்தது. இதெல்லாம் பஹிஜாவின் காதுக்கு எப்படியோ போய்விடும். தெருவிலேயே அவள் கை ரொட்டிக்குத்தான் பேர். கல்யாண வீட்டுக்காரர்கள் மாவு பிசைய அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"கோதுமை இல்லாம ரொட்டியா? தண்ணி இல்லாம ஹம்மாமுக்குக் குளிக்கப் போன கதைதான்" என்று போனில் சிரித்தாள். "எதுக்குடி இந்தப் பாடு? தட்டுல போட்டுத் தரேன், தின்னுட்டுப் போயேன்."

அந்தச் சிரிப்பு என்னை இன்னும் நாலு ரொட்டிக்குத் தள்ளியது. கடைசியில் ஆளி விதை கைகொடுத்தது. தண்ணீரில் ஊறப் போட்டால் பிசுபிசுவென்று பசை விடும். கம்பு மாவில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கிளறி, ஆறியதும் அந்தப் பசை, கொஞ்சம் பாதாம் பொடி, ஆலிவ் எண்ணெய், எள், சோம்பு, ஒரு சிட்டிகை சோடா. மாவு கையில் பிடித்த மாதிரி நின்றது. ஆனால் வீட்டு கேஸ் ஓவனில் அடி கருகி நடு வேகவில்லை. கல் தரையில் வேக வேண்டிய ரொட்டி இது என்று புரிந்தது.

ஆறாவது ஞாயிறு காலை, மூன்று பெரிய வட்டங்களாகத் தட்டி, முள்கரண்டியால் எங்கள் வீட்டுக் குறியை மூன்று குத்துக் குத்தி, பலகையில் வைத்துத் துணி மூடி, தெருமுனைப் பொது அடுப்புக்குக் கொண்டுபோனேன். அடுப்புக்கார புஷ்தாவுக்கு இந்தத் தெருவில் அறுபது வீட்டு ரொட்டியும் மனப்பாடம். குறியைக்கூடப் பார்க்க மாட்டார், பலகையைப் பார்த்தே எந்த வீடு என்று சொல்லிவிடுவார். அன்று கூட்டம் நெருக்கியது. ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்துப் பெண்களுக்கு நடுவே என் வயிற்றுக் கதையை எப்படிச் சொல்வது?

மதியம் போனபோது புஷ்தா முகம் கொடுத்துப் பேசவில்லை. துணி மூடிய பலகையை என் கையில் வைத்து, "போயிட்டு வா தங்கச்சி, அல்லா லேசாக்குவான்" என்றார். யாரோ செத்துப்போன வீட்டில் சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கு அவசரம். சூட்டோடு மேசைக்குப் போய்விட வேண்டும்.

பஹிஜா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பூப்போட்ட தட்டு என் இடத்தில் தயாராக இருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"இன்னிக்கு நான் சட்டியில சாப்பிடப் போறேன், லல்லா பஹிஜா. என் ரொட்டி இருக்கு."

பலகையை மேசையில் வைத்துத் துணியை விலக்கினேன்.

உப்பிப் பூரித்த, பொன்னிறமான, மூன்று வெள்ளைக் கோதுமை ரொட்டிகள். ஆவி பறந்தது.

முதலில் சிரித்தவர் சி லர்பி. பிறகு பஹிஜா. "அட, ஆறு வாரமா பத்தியம் பத்தியம்னு நீ தின்னது இதத்தானா? எங்களுக்கும் சொல்லியிருந்தா நாங்களும் இந்தப் பத்தியம் இருந்திருப்போமே!"

"இது என் ரொட்டி இல்ல."

"பின்ன யாரோடது, சுல்தானோடதா?"

என் முகம் கொதித்தது. அதோடு அந்த வாசனை வேறு. ஆறு வாரமாக நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன வாசனை, இப்போது என் மூக்குக்கு நேர் கீழே. வாயில் எச்சில் ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். மிலூத் என் காதருகே குனிந்தார். "விடு, தூரியா. வந்தது வந்துருச்சு. பிச்சுக்க. யாரு என்ன சொல்லப் போறாங்க?" ஒரு துண்டைப் பிய்த்தால் அந்த நிமிடமே என் பக்கம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். கை ரொட்டி வரைக்கும் போனது. சூடு விரலில் பட்டது.

கையை இழுத்துக்கொண்டேன். துணியை மூடிப் பலகையைத் தூக்கினேன்.

"எங்க போற? ஆறுது பாரு!" என்று கத்தினாள் பஹிஜா.

"ஆறட்டும்."

அடுப்பில் புஷ்தா தன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"என் ரொட்டி எங்க?"

"அதான் குடுத்தேனே, தங்கச்சி..."

"நான் குடுத்தது எங்கேன்னு கேக்குறேன்."

மனிதர் கையைப் பிசைந்தார். "கோச்சுக்காத. உன் மாவு செத்துப்போயிருந்துச்சு. எழும்பவே இல்ல, கறுத்துக் கெடந்துச்சு. ஒரு நல்ல வீட்டுக்கு அதப் போய் நான் எப்படிக் குடுத்தனுப்புவேன்? ஞாயித்துக்கிழமை, நாலு பேரு உக்காந்திருப்பாங்க. உனக்குத் தலைக்குனிவு ஆயிடக் கூடாதேன்னுதான் எனக்குக் கூலியா வந்த ரொட்டிய வெச்சேன்."

என் தலைக்குனிவு எந்த அளவுக்கு அமர்க்களமாக நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் நின்ற நிலையில் சொல்லிவிட்டேன். நாக்கு, வயிறு, அரிப்பு, பூஞ்சை, பன்னிரண்டு வாரம், எல்லாம். காலையில் பத்துப் பேருக்கு முன்னால் சொல்ல வெட்கப்பட்டதை இப்போது உரக்கவே சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"போடுவேனா? ரொட்டியாச்சே. அடுப்பு வாய் ஓரமா தள்ளி வெச்சேன், சாயங்காலம் கோழிக்குப் போடலாம்னு."

நீளக் காம்புப் பலகையை அடுப்புக்குள் விட்டு இழுத்தார். மூன்றும் வந்தன. நான் வேகவைத்திருந்தால் அரைமணியில் எடுத்திருப்பேன். இவை இரண்டு மணி நேரம் நிதானச் சூட்டில் கிடந்திருக்கின்றன. தட்டினால் டொக்கென்று கெட்டியாக ஒலித்தது. ஓரத்தைப் பிய்த்தேன், பொடியவில்லை. மடித்தேன், உடையவில்லை. வாயில் போட்டேன். எள்ளும் சோம்பும், வறுத்த கம்பின் வாசனையும், பாதாமின் கொழுப்பும். கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். எனக்காக நானே செய்த ரொட்டி, ஆறு வாரத்துக்குப் பிறகு. அடுப்படியில் நின்றபடி பாதி ரொட்டியைத் தின்றுவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

புஷ்தா ஒரு துணுக்கை எடுத்து மென்று பார்த்தார். "கோழிக்கு யோகமில்ல" என்றார்.

திரும்பிப் போனபோது யாரும் சாப்பிட ஆரம்பித்திருக்கவில்லை. மிலூத் சட்டி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சி லர்பி பசியில் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"சி லர்பி, கொஞ்சம் நகருங்க. அது என் இடம்."

அவர் நகர்ந்தார். என் ரொட்டியைப் பிய்த்தேன். எலுமிச்சை ஊறுகாயும் ஆலிவும் போட்ட கோழிக்கறி. கட்டைவிரலாலும் இரண்டு விரலாலும் துண்டை வளைத்து, குழம்பில் இறக்கி, கறியைக் கவ்வித் தூக்கினேன். ஒரு பொட்டு சிந்தவில்லை. எலுமிச்சையையும் ஆலிவையும் மட்டும் ஒதுக்கிவிட்டேன், அவை உப்பில் ஊறிப் புளித்தவை. பஹிஜா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டியின் நடுவிலிருந்து நெஞ்சுக்கறியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள்.

அந்தக் கறியை நான் எவ்வளவு ரசித்துச் சாப்பிட்டேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சட்டியின் அடி தெரியும் வரை வழித்தேன்.

சாப்பிட்டு முடிந்ததும் பஹிஜா சட்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் மிச்ச ரொட்டியோடு பின்னால் போனேன். ஜெயித்த மிதப்பில் இருந்தேன், அதை மறைப்பானேன்? வாய்க்குள் நாலு குத்தல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"இந்த ரொட்டி சர்க்கரை வியாதிக்கு ஆகுமா?"

"யாருக்கு?"

குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினாள். "ரெண்டு மாசம் ஆச்சு. வெள்ளை ரொட்டிய விடுன்னுட்டாரு டாக்டரு. யாருக்கும் சொல்லல. உன்னைத் தனியா உக்கார வெச்சதும் எனக்கு இன்னும் பயமாப் போச்சு. ரொட்டி சுடுறவளே ரொட்டி தின்னக் கூடாதுன்னா, இந்த வீட்டுல நான் யாருடி?"

என் குத்தல் வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. இருபது வருடத்தில் பஹிஜா அழுது நான் பார்த்ததில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

"ஆகுமான்னு எனக்குத் தெரியாது, லல்லா. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட கேப்போம். நான் வண்டி கொண்டுவரேன்."

"உனக்குப் பாடம் இருக்குமே?"

"கத்துக்க வர்றவங்க ஒரு நாள் நடந்து போகட்டும்."

அவள் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். என் கையிலிருந்த ரொட்டியில் ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டு, மெதுவாக மென்று, புருவத்தைச் சுருக்கினாள்.

"உப்பு பத்தல. மாவையும் நீ சரியா அழுத்திப் பிசையல. டாக்டர் சரின்னா, நாளைக்கு நான் பிசையறேன்."